கூறு போட்ட மாத்திரை

மருந்து விலையைப் பற்றி என்னிடம் யாரும் பேச வராதீர்கள். எந்தக் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "ஒரு மாத்திரை செய்ய இன்னாத்தான் ஆவும்? பத்து பைசா ஆவுமா? கொள்ளைக்காரப் பசங்க!" மாத்திரை செய்யப் பத்து பைசாதான் ஆகிறதோ என்னவோ. அது மருந்துதான், வெறும் மாவு இல்லை என்று நிரூபிக்கத்தான் சொத்தே கரைகிறது. கம்பெனிக்காரன் யோக்கியன் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. அவன் கொள்ளை அடிக்கிறான், நன்றாகவே அடிக்கிறான். ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. மீதிக் கதையைச் சொல்ல எனக்கு அன்னக்கிளி அக்காவிடமிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும். பந்தியில் அதைச் சொல்ல முடியாது, பாயசம் வருவதற்குள் முடியாது.

என் பெயர் தாமரைச்செல்வி. கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்துப் பரிசோதனைப் பிரிவில் வேலை. புது மருந்தை முதலில் எலிக்குக் கொடுப்பார்கள், பிறகு வேறு பிராணிகளுக்கு, பிறகு நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கு. இத்தனை பேரையும் தாண்டிக் கடைசியில்தான் அது நோயாளியிடம் வரும். அந்தக் கடைசிப் படியில் நிற்கிறவள் நான். நோயாளிகளை வரவழைக்க வேண்டும், மாத்திரை டப்பா கொடுக்க வேண்டும், காலி டப்பாவைத் திரும்ப வாங்க வேண்டும், நடக்கவிட்டு மூச்சைப் பார்க்க வேண்டும், ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், வராதவர்களைப் போனில் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பிரிவில் ஒரு பேச்சு உண்டு. நீளம்தான். வாய் இல்லாமல் இந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.

நான் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ மருந்துகள் வந்தன, போயின. ஒன்று நன்றாக வேலை செய்தது, ஆனால் ஈரலைத் தின்றது. ஒன்று தண்ணீருக்கும் தனக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டுப் போனது. இன்னொன்று பாதியில் நின்றது, ஏன் என்று கேட்டால் கம்பெனியே கைமாறிவிட்டது என்றார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்திருக்கிறார்கள். போனதெல்லாம் போனதுதான்.

அப்புறம்தான் இந்த நுரையீரல் மருந்து வந்தது. நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டே போகிற ஒரு நோய் இருக்கிறது. சிலருக்கு என்ன காரணம் என்றே தெரியாது. இருமல் வரும், மூச்சு வாங்கும், இரண்டு மூன்று வருஷத்தில் வாசல் வரைக்கும்கூட நடக்க முடியாது. இப்போது இருக்கிற மருந்து அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். இந்தப் புது மருந்து அதை நிறுத்தியே விடலாம் என்று பேச்சு. நாடு முழுக்கப் பல ஊர்களில் பரிசோதனை நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி அன்னக்கிளி அக்கா.

அக்காவுக்கு முத்தியால்பேட்டை. மில் ஓடிய காலத்தில் மில்லில் வேலை, மில் மூடிய பிறகு விறகடுப்பில் இட்லிக் கடை. பஞ்சுத் தூசி, அப்புறம் புகை. புருஷன் இல்லை. பூர்ணிமா என்று ஒரு மகள், துணிக்கடையில் வேலை. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற, எங்கள் ஊர்க்காரர்கள் சொல்தா என்கிற ஒருவரின் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகை. செங்குத்தான படி. எங்களிடம் வந்தபோது அந்தப் படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு டீ வாங்கினால் அதை இரண்டாக ஊற்றிப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுக்காமல் குடிக்க மாட்டாள். வேண்டாம் என்றால் கோபம் வேறு வரும்.

சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் மாவு மாத்திரை என்றேன்.

"மாவா?" அக்கா இருமலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மூச்சு வுட முடியாம வந்தவங்களுக்கு மாவா குடுப்பீங்க? நல்லா கீது உங்க நியாயம்!"

"எல்லாருக்கும் மருந்தைக் குடுத்துட்டா, தேறினது மருந்தாலயா, தேறிடுவோம்ங்கற நம்பிக்கையாலயான்னு எப்பிடிக்கா தெரியும்? பக்கத்துல வச்சிப் பாத்தாதான தெரியும்?"

"சரி, எனக்கு எது? என் காதுல மட்டும் சொல்லிடு."

"எனக்கே தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. எங்கியோ ஒரு கம்ப்யூட்டர் சீட்டு குலுக்கற மாதிரி குலுக்கிப் போட்டிருக்கு. அதுக்குத்தான் தெரியும்."

"அப்ப அது நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் மாதம் அக்கா வந்தபோது எங்கள் கட்டடத்து லிஃப்ட் ரிப்பேர். வெளியே போய் அவளை வீல்சேரோடு தூக்கி ஏற்ற ஆள் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், அக்கா அறை வாசலில் நிற்கிறாள். "லிஃப்ட்டு ஓடல, நடந்தே வந்துட்டேன் தாமர," என்கிறாள், ஏதோ காய் வாங்க வந்தவள் போல. மாடிப்படியில் நடுவில் ஒரே ஒரு தடவைதான் நின்றாளாம். ஊதுகிற மிஷினில் ஊதவிட்டோம். போன தடவையைவிட அதிகமாக ஊதினாள். இந்த நோயில் யாரும் போன தடவையைவிட அதிகமாக ஊதுவதில்லை. எனக்கு உள்ளுக்குள் குலவை போட வேண்டும் போல இருந்தது. ஆனால் என் வேலையில் முகத்தில் எதையும் காட்டக்கூடாது, யாருக்கு மருந்து என்று ஊகிக்கக்கூடாது. காட்டவில்லை.

அன்றைக்கு அதே பெஞ்சில் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம், ரெட்டியார்பாளையத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். நடைச் சோதனையில் வராந்தாவில் பாதி தூரம்கூடப் போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடெல்லாம் நீலம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எட்டுப் பேரும் ஒன்றாகப் பேசிக்கொள்வதும், ஒரே பஸ்ஸில் வருவதும் போவதும், ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் போன் செய்வதும் ஆரம்பித்தது. எனக்கும் வசதியாகப் போயிற்று. திட்டு மிச்சம்.

அடுத்த முறை அக்காவுக்கு ஏறின மூச்சு இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் இறங்கியது. கோவிந்தசாமி தேறவில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக விழவும் இல்லை. என்னடா இது என்று இருந்தது. மாத்திரைகள் சரியாகத்தான் தீர்ந்திருந்தன, டப்பாக்கள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. டாக்டர் ஜானகிராமனிடம் போய் நின்றேன். பரிசோதனைக்குப் பொறுப்பு அவர்தான். "ஊகம் பண்ணாதீங்க தாமரை. ஒருத்தரை வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். அவர் முகமும் சரியில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து கோபிநாத் போன் செய்தான். ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கண்காணிக்கிறவன். "மேடம், உங்க சென்டர் ஆளுங்க ரத்த ரிசல்ட்டு மட்டும் விசித்திரமா இருக்கு. விவரம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. மாத்திரையை எப்படிச் சாப்பிடறாங்கன்னு ஒருவாட்டி வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை முத்தியால்பேட்டைக்கு வண்டியை விட்டேன். சொல்தா வீட்டு மாடிப்படிக்குக் கீழே செருப்பாகக் கிடந்தது. ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு அடித்தால் கறியைக் கூறு போடுவார்கள். நெஞ்சு, தொடை, ஈரல் எல்லாம் எல்லாக் கூறிலும் விழுகிற மாதிரி இலையில் சின்னச் சின்னக் குவியலாக வைப்பார்கள். அப்புறம் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டி இருப்பவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது.

அறைக்குள் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். அதில் எங்கள் மாத்திரைகள், எட்டு டப்பா மாத்திரையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, எட்டுக் குவியலாக. காலி டப்பாக்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பலராமன் என்கிற பழைய ரிக்‌ஷாக்காரர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார்.

"அம்மாவாசைக்கு," என்றாள் அன்னக்கிளி அக்கா, சுவரைப் பார்த்தபடி. அம்மாவாசை அந்த எட்டுப் பேரில் இன்னொருவர்.

"இது?"

"கோவிந்தசாமிக்கு."

வாய் நீளம் என்கிறார்களே, அந்த வாய் மொத்தமாகத் திறந்துகொண்டது. "அடப் பாவிங்களா! இன்னா காரியம் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே சொல்தா எட்டிப் பார்த்தார்.

யாரும் பதறவில்லை. கோவிந்தசாமி தான் உட்கார்ந்திருந்த தலையணையை எனக்காக நகர்த்திப் போட்டார். அக்கா திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னா தப்பு, நீயே சொல்லு. நாலு பேருக்கு மருந்து, நாலு பேருக்கு மாவு. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. நீதான சொன்ன? அதான் கொட்டிக் கலந்துட்டோம். யாருக்கும் முழுசா இல்லன்னாலும் எல்லாருக்கும் பாதி கெடைக்கும். ஒருத்தன் வாயில மண்ணு, ஒருத்தன் வாயில மருந்துன்னு இல்லாம."

"அக்கா, மருந்து சாப்பிட்டவங்களும் சாப்பிடாதவங்களும் தனித்தனியா இருந்தாத்தான அது மருந்தா இல்லையான்னு தெரியும்? இப்ப எட்டுப் பேரும் ஒண்ணாயிட்டீங்க. எதை எதோட வச்சிப் பாக்கறது? அதுமட்டுமா, பாதி மருந்து யாருக்குமே பத்தாமப் போனா?"

"எங்களுக்கு உயிரு. உனக்குப் பாக்கணும்," என்றார் பலராமன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

படி இறங்கி வந்து வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். எட்டுப் பேர் ரத்தத்திலும் மருந்து கொஞ்சம் கொஞ்சம் இருந்ததைத்தான் கோபிநாத் விசித்திரம் என்றிருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கம்பெனிக்காரன் அத்தனை பணத்தைக் கொட்டி, கம்ப்யூட்டர் வைத்து, ஆள் வைத்து, அதற்கு மேல் கண்காணிக்க ஆள் வைத்துச் செய்வதும் இதுதானே. யாருக்கு எது என்று பார்க்காமல் பங்கு வைப்பது. ஒரு அநியாயமும் நடந்துவிடக் கூடாது என்று இவர்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்து அதையேதான் செய்தார்கள். அதில்தான் எல்லாம் நாசமாகப் போனது.

மறைக்கவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன். மறைத்தால் இவர்கள் கலந்த கணக்கு, அந்த மருந்து வேலை செய்கிற மருந்தாகவே இருந்தாலும் வேலை செய்யாத மருந்து போலக் காட்டிவிடும். சொன்னால் அக்காவுக்கு மாத்திரை நின்றுபோகும். இரண்டும் தெரிந்துதான் சொன்னேன். டாக்டர் கம்பெனிக்குப் பேசினார்.

எட்டுப் பேரையும் பரிசோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் எடுத்து வைத்திருந்த மூச்சு, நடை, ரத்தம் எல்லாமே தள்ளுபடி.

அக்கா மறுநாளே வந்துவிட்டாள், பூர்ணிமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. படி ஏறவில்லை. கீழே மரத்தடியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"இனிமே அவங்கவுங்க டப்பா அவங்கவுங்களுக்கு. சத்தியமா சொல்றேன் தாமர. மாத்திரையை மட்டும் நிறுத்தாத. அதுல எனக்கு மூச்சு வந்துச்சு. நீயே பாத்தியே, மாடி ஏறி வந்தனே!"

நான் கோபிநாத்திடம் கெஞ்சினேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. பரிசோதனைக் கணக்கில் வேண்டாம், இரக்கப்பட்டாவது அவளுக்கு மட்டும் கொடுங்கள் என்றேன். "மேடம், அவங்களுக்கு எதைக் கொடுக்கறது? அவங்களோடது மருந்தா மாவான்னு இப்ப உடைச்சிப் பாக்க முடியாது. ரகசியம் முடிவு வரைக்கும் ரகசியம்தான். மருந்து பாஸாச்சுன்னா முதல் ஆளா அவங்களுக்கு வாங்கித் தர நானே பேசறேன்," என்றான். கெட்டவன் இல்லை. அழுதிருப்பான் போல, குரல் அப்படித்தான் இருந்தது.

ஆகவே அக்கா காத்திருந்தாள். மருந்து பாஸாக வேண்டும். அதுவரை மூச்சு இருக்க வேண்டும். பழைய மாத்திரைதான் கதி. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்தார்கள். நான் போகும்போதெல்லாம், "இன்னா ஆச்சு, பரீட்சை ரிசல்ட்டு வந்துச்சா?" என்பாள். இல்லை என்பேன். தையில் கோவிந்தசாமி செத்துப்போனார். சாவுக்கு அக்காவால் போக முடியவில்லை. பூர்ணிமாவிடம் மாலை கொடுத்து அனுப்பினாள்.

வெயில் காலத்தில் முடிவு வந்தது. டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மருந்து சாப்பிட்டவங்க கொஞ்சம் மேல்தான். ஆனா அந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலான்னு சொல்ற அளவுக்கு ஆள் பத்தல."

"எட்டுப் பேர் குறைஞ்சதுக்கா சார்?"

"நம்ம எட்டுப் பேர் மட்டுமா? ஒரு ஊர்ல லேகியம் சேத்து சாப்பிட்டிருக்காங்க. ஒரு ஊர்ல வெள்ளம் வந்து மாத்திரை நனைஞ்சிபோச்சு. பாதிப் பேர் வேலைக்குப் போறேன்னு திருப்பூர், கேரளான்னு போயி திரும்ப வரவே இல்ல. எல்லாம் சேந்துதான்." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மருந்து வேலை செய்யலன்னு யாரும் சொல்லல. வேலை செய்யுதுன்னு சொல்ல முடியல. முதல்லேருந்து இன்னொரு தடவை பண்ணணும்னா இவ்வளவு செலவையும் திரும்பப் பண்ணணும். கம்பெனி மாட்டேன்னுடுச்சு. மருந்தைக் கைவிட்டுட்டாங்க."

போகட்டும் என்று எழுந்தேன். டாக்டர் பின்னாலிருந்து சொன்னார்: "ரகசியத்தை இப்ப உடைச்சிட்டாங்க. கோவிந்தசாமிக்கு மாவு. அன்னக்கிளிக்கு மருந்து."

அன்று சாயங்காலமே போனேன். அக்கா கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய், மிஷின் இரைந்துகொண்டிருந்தது. பூர்ணிமா அடுப்படியில். கேட்டால் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. கேட்டாள்.

"எனக்கு எதுவாம்?"

"மருந்துக்கா."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அது எனக்குத் தெரியும்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "மூணாம் மாசமே தெரியும். மாடி ஏறி வந்தனே. மாவு சாப்பிட்டா ஏற முடியுமா?"

"தெரிஞ்சுமா கூறு போட்டீங்க?" என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது. "யாருக்கும் தெரியாது, அதனாலதான் கலந்தோம்னு அன்னிக்கு என்கிட்ட நியாயம் பேசினீங்களே!"

"தெரிஞ்சதாலதான்டி போட்டேன். அந்தக் கோவிந்தசாமி பக்கத்துல உக்காந்து நீலம் பூத்து மூச்சு வுட்டுக்கினு இருக்கான். என் பையில மருந்து கீது. எனக்குன்னு மட்டும் எப்பிடி முழுங்கறது? நேரா குடுத்தா வாங்க மாட்டான். மத்தவங்களும் இன்னா நெனைப்பாங்க? அதான் எல்லாருதையும் கொட்டச் சொன்னேன்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழவில்லை, பூர்ணிமா போட்டாள். அவளுக்கு இதுவரை தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கட்டிலில் எலும்புக்கூடாகக் கிடக்கிற அவள் மேல் வந்த அளவு கோபம் யார் மேலும் எனக்கு வந்ததே இல்லை. முழுசாகச் சாப்பிட்டிருந்தால் இவள் இன்றைக்கும் படி ஏறியிருப்பாளோ என்னவோ. அந்த "என்னவோ"வைத் தீர்த்துவைக்கத்தான் நாங்கள் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இனி அது தீரவே தீராது.

"பாதி மருந்து கோவிந்தசாமிக்கு ஏதாச்சும் செஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் அக்கா. "தை வரைக்கும் இருந்தாரே."

"தெரியாதுக்கா."

"எப்ப தெரியும்?"

"இனிமே தெரியாது. அந்த மருந்தை வுட்டுட்டாங்க."

அக்கா குழாயைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னாலயா?"

"உங்களால மட்டும் இல்லக்கா."

சொன்ன பிறகுதான் அந்த "மட்டும்" எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆடி பிறந்து சில நாளில் இறந்தாள். படி குறுகல் என்பதால் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்கினார்கள். எட்டுப் பேரில் மிச்சம் இருந்தவர்களில் நடக்க முடிந்தவர்கள் பலராமனும் அம்மாவாசையும்தான், அவர்கள் வந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து யாரிடமாவது தெரிவிக்க வேண்டுமா என்று யோசித்தேன். பரிசோதனையில் இருக்கிற ஒருவர் இறந்தால் அன்றைக்கே கம்பெனிக்கு எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் பரிசோதனையே இல்லை. இருந்திருந்தாலும் அவள் அதிலிருந்து எடுத்துவிட்ட ஆள். அன்னக்கிளி அக்கா மாடி ஏறியதும் கணக்கில் இல்லை, செத்ததும் கணக்கில் இல்லை.